படித்தது ஒன்று, பார்ப்பது ஒன்றா?



பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்களிடம் ஒரு கவலையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். "மெக்கானிக்கல் படிச்ச பையன் துணிக்கடையில கணக்கு எழுதுறான். கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு பேங்க் பரீட்சைக்குப் படிக்குது. இதுக்கா இவ்வளவு செலவு?" என்கிறார்கள். சம்பந்தம் பேசும் வீடுகளிலும் இதே பேச்சுதான். சமுதாயத்தின் பணத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நமக்கு இதற்குப் பதில் சொல்லும் கடமை இருக்கிறது.

பட்டம் இரண்டு வகை

சில வேலைகளுக்கு அந்தப் படிப்பு மட்டுமே சாவி. மருத்துவராக எம்.பி.பி.எஸ்., யுனானி மருத்துவராக பி.யு.எம்.எஸ். வேண்டும். வழக்கறிஞராகச் சட்டப் படிப்பும் பார் கவுன்சில் பதிவும் வேண்டும். மருந்தாளுநராக டி.பார்ம். அல்லது பி.பார்ம். படித்துப் பதிவு செய்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக, அந்தப் பாடத்தில் பட்டமும் பி.எட்.டும் தகுதித் தேர்வுத் தேர்ச்சியும் வேண்டும். இவற்றைப் படித்தவர் வேறு வேலைக்குப் போனால், செலவழித்த பணத்திலும் காலத்திலும் பெரும்பங்கு பயன்படாமல் போகிறது. அங்கே பெற்றோர் கவலைப்படுவது நியாயம்.

பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. போன்ற பட்டங்கள் அப்படியல்ல. பி.இ. படிப்பும் பெரும்பாலும் இந்த வகையில்தான் சேரும். இவை பல வாசல்களுக்குப் பொதுவான சாவி. ஐ.ஏ.எஸ். தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளில் பெரும்பாலான பதவிகள், வங்கி அதிகாரி தேர்வு ஆகியவற்றுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். கெமிஸ்ட்ரி படித்த பெண் வங்கித் தேர்வு எழுதினால் அவள் தடம் மாறியதாக ஆகாது. அந்தப் பட்டம் திறக்கும் வாசல்களில் ஒன்றில்தான் நுழைகிறாள்.

அப்துல் கலாம் வந்த வழி

இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார்கள். அது தமக்குரிய துறை அல்ல என்று பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில்தான் உணர்ந்ததாக 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்கிறார்கள். பிறகு சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் சேர இடம் கிடைத்தது. கட்டணம் ஏறக்குறைய 1000 ரூபாய். சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்கள். படித்து முடித்து, விமானப்படையில் விமானியாக விரும்பித் தேர்வுக்குச் சென்றார்கள். எட்டுப் பேருக்கு இடம். அவர்களுக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். அதன் பின்னரே விஞ்ஞானியாக வேலையில் சேர்ந்தார்கள்.

முதல் பட்டமும் ஆசைப்பட்ட வேலையும் பொருந்தாமல் போனாலும், கற்றது வீணாகவில்லை. அதே சமயம், எந்தப் படிப்பு தமக்குப் பொருந்தும் என்று தெரிந்த பிறகே அந்த நகை அடகுக்குப் போனது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். பிள்ளையின் மனதறியாமல், பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்தான் என்பதற்காக நகையை அடகு வைப்பது வேறு கதை.

கரிசல் காட்டுச் சம்சாரி

புரட்டாசியில் மழை பிந்தினால் நம் பக்கத்துச் சம்சாரி நிலத்தைத் தரிசாகப் போட மாட்டார். அந்த ஈரத்துக்கு எது விளையுமோ அதை விதைப்பார். பருத்திக்கு ஊடே உளுந்தோ பாசிப்பயறோ போட்டு, ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்படி பார்த்துக்கொள்வார். படிக்கும் பிள்ளைக்கும் அப்படி ஓர் ஊடுபயிர் வேண்டும். டேலி, ஜி.எஸ்.டி. கணக்கு, தமிழ், ஆங்கிலத் தட்டச்சு, பிழையில்லாமல் கடிதம் எழுதும் ஆங்கிலம் என எதுவானாலும் சரி.

இங்கேயே அதற்குத் தேவை இருக்கிறது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாகு பதம் தெரிந்தவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் வாங்கவும், வரிக் கணக்குத் தாக்கல் செய்யவும், வெளியூர் ஆர்டர் பிடிக்கவும் படித்தவர்கள் தேவை. தீப்பெட்டித் தொழிலுக்கும் அதே தேவைதான்.

சும்மா இருப்பதுதான் நஷ்டம்

நம்மை உண்மையில் வருத்துவது வேறொன்று. "என் படிப்புக்கு ஏற்ற வேலை வரட்டும்" என்று வருடக்கணக்கில் வீட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். "டிகிரி படிச்சுட்டு கடையில நிக்கிறானே" என்ற ஊர்ப்பேச்சுக்கு அஞ்சித்தான் பலர் வெளியே வருவதில்லை. அந்தப் பேச்சைப் பேசுவது நாம்தானே! ஹலாலான உழைப்பில் இழிவு ஏது? நபி (ஸல்) அவர்கள் ஆடு மேய்த்தார்கள், வணிகம் செய்தார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வணிகராக இருந்துகொண்டே மார்க்கச் சட்டம் போதித்தார்கள். அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்களும் இத்தனை முயற்சி, இத்தனை ஆண்டு என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, கூடவே ஒரு வேலையும் பார்ப்பது நல்லது.

சேரும் முன் கேளுங்கள்

1. இந்தப் பட்டம் ஒரே வேலைக்கானதா, பல வேலைகளுக்கானதா? ஒரே வேலைக்கானது என்றால், அந்த வேலையில் பிள்ளைக்கு உண்மையான விருப்பம் உண்டா?

2. பட்டத்தின் பெயர் என்ன? ஒரே பாடத்தைக் கல்லூரிகள் வெவ்வேறு பெயரில் தருகின்றன. ஆசிரியர் பணி, அரசுப் பணிகளில் "இது அதற்கு இணையானதா?" என்ற கேள்வி வரும். இணை என்று உயர்கல்வித் துறையின் அரசாணை இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

3. பொதுப்பிரிவிலேயே விண்ணப்பித்து விட்டீர்களா? பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. சாதிச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள்.

4. அரியர் இருக்கிறதா? "எந்தப் பட்டமும் போதும்" என்றால் முடித்த பட்டம் என்று பொருள். இரண்டு பேப்பரை விட்டுவிட்டு வேலைக்குப் போன பையனுக்கு அந்த வாசல்கள் எல்லாம் மூடியே இருக்கும். வளைகுடாவில் இன்ஜினியர், அக்கவுண்டன்ட் விசாவுக்கும் சான்றிதழில் அத்தாட்சி கேட்பார்கள்.

இனி ஒரு பிள்ளையைப் பார்த்தால் "படிச்ச வேலையா பாக்குற?" என்று கேட்காதீர்கள். "படிச்சது எதுக்கெல்லாம் உதவுது?" என்று கேளுங்கள். படிப்பை முடித்து, கௌரவம் பாராமல் உழைத்து, தம் குடும்பத்தைத் தாங்கி, நாளை இன்னொரு ஏழைப் பிள்ளையின் கட்டணத்துக்கும் கை நீட்டும் பிள்ளையே இந்த உதவித்தொகைக்கான பலன். அத்தகைய பிள்ளைகளை அல்லாஹ் நம் ஒவ்வொரு வீட்டிலும் தந்தருள்வானாக. ஆமீன்.