துரையைப் பார்க்கப் போகாதவர்கள்

டிசம்பர் 31. திருத்தணி மலையடிவாரத்தில் முதல் படிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, பூவும் பழமும் வைத்துக் கற்பூரம் ஏற்றுகிறார்கள். ஜால்ரா தட்ட ஒரு திருப்புகழ், அருணகிரிநாதரின் முருகன் பாட்டு. பாட்டு முடிந்தால் அடுத்த படி; அங்கும் மஞ்சள், குங்குமம், கற்பூரம், இன்னொரு திருப்புகழ். இப்படியே 365 படி. சென்னையிலிருந்தும் ஆந்திரம், கர்நாடகத்திலிருந்தும் பஜனைக் குழுக்கள் வருகின்றன. கீழே ஒரு குழு சரணத்தில் இருக்கும்போதே நாலு படி மேலே இன்னொரு குழு வேறு சந்தத்தில் எடுத்துவிடும். யாரும் யாரையும் நிறுத்தச் சொல்வதில்லை.

பொழுது சாய்ந்ததும் வேறொரு கூட்டம் சேர்கிறது. நள்ளிரவு 12 மணிக்கு முருகனைப் பார்த்துப் புத்தாண்டைத் தொடங்க வந்தவர்கள் இவர்கள். காரிலும் வேனிலும் மலைச்சாலை வழியாக நேரே மேலே போய்விடுகிறவர்களுக்குப் படியில் என்ன நடக்கிறதென்று தெரிய வழியில்லை. படியேறி வருகிறவர்களில் சிலர் கொஞ்சம் நின்று, கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள். ‘அந்தக் காலத்துல எவ்வளவு கொஞ்சம் பேர், எவ்வளவு பக்தி’ என்று பழைய பஜனைக்காரர் எவரேனும் முணுமுணுத்தால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கூட்டம் பெருகிய எல்லா இடத்திலும் இந்த முணுமுணுப்பு உண்டு. திருத்தணியில் மட்டும் அதற்குள் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது.

இந்தத் திருப்புகழ் திருப்படித் திருவிழாவைத் தொடங்கியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். பூர்வாசிரமப் பெயர் அர்த்தநாரி. மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர். தீராத வயிற்று வலியோடு பழனிக்குப் போய், அங்கே திருப்புகழைக் காதில் வாங்கி, பிறகு அதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார் என்பது அவர் வரலாறு. எழுத்தறிவு அதிகம் இல்லாதவர் திருப்புகழ்ப் பாடல்களைப் பாடம் செய்து ஊர் ஊராகப் பரப்பினார். 1950-ல் மறைந்தார்.

அன்றைக்கு ஜனவரி முதல் தேதி என்றால் வெள்ளைக்காரத் துரையின் பங்களா வாசலில் நிற்க வேண்டிய நாள். குமாஸ்தா முதல் பெரிய மனிதர் வரை மாலையும் எலுமிச்சம்பழமுமாகப் போய்க் கும்பிடு போட்டுவிட்டு வருவார்கள். இந்தத் துரைகளை விட்டுவிட்டு, துரைக்கெல்லாம் துரையான திருத்தணி முருகன் தணிகேசனைப் பார்க்க வாருங்கள் என்று சுவாமிகள் அழைத்தார். முதல் உலகப்போர் முடியப் போகிற காலம் அது. டிசம்பர் 31 இரவு படிக்கொரு பாட்டாகப் பாடி ஏறி, விடிந்தால் தணிகேசன் தரிசனம். வந்தவர்கள் ஏற்கெனவே திருப்புகழ் பாடத் தெரிந்தவர்கள், அல்லது தெரிந்தவர்களின் உறவினர், நண்பர்கள்.

ஆங்கிலப் புத்தாண்டின் கும்பிடு வழக்கத்துக்கு மாற்றாகப் பிறந்த விழாவுக்கு இன்று பெருங்கூட்டம் வருவது ஆங்கிலப் புத்தாண்டைக் கொண்டாடத்தான். துரை 1947-ல் போய்விட்டார், தேதி தங்கிவிட்டது. தொடங்கிய நோக்கம் தலைகீழாகத் திரும்பியும் செய்முறை மட்டும் குலையாமல் இருக்கிறது. புதியவர்கள் வந்து குவியும் கூட்டங்களில் இப்படி நடப்பது அபூர்வம்.

வழக்கமாக என்ன நடக்கும் என்பதற்கு இணைய உலகம் வைத்திருக்கும் பெயர் ‘முடிவில்லாத செப்டம்பர்’. 1980-களில் யூஸ்நெட் என்ற உரையாடல் வலையமைப்பை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருந்தவர்கள்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். ஆண்டுதோறும் செப்டம்பரில் கல்லூரி திறந்ததும் புது மாணவர்கள் வந்து ரகளை செய்வார்கள். பழையவர்கள் அதட்டியும் சொல்லிக்கொடுத்தும் ஓரிரு மாதத்தில் வழிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். 1993-94 வாக்கில் ஏஓஎல் போன்ற நிறுவனங்கள் பணம் கட்டிய எல்லோருக்கும் கதவைத் திறந்தன. அதன்பின் எல்லா மாதமும் செப்டம்பர். சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் எண்ணிக்கையில் தோற்றுப்போனார்கள்.

திருப்புகழுக்கும் செப்டம்பர்கள் வராமல் இல்லை. வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை என்ற முன்சீப் ஊர் ஊராகச் சுவடி தேடி, 1894-ல் திருப்புகழின் முதல் பகுதியை அச்சிட்டார். சுவடி வைத்திருந்த வீடுகளிலும் ஓதுவார் நாவிலும் இருந்த பாட்டு, காசு கொடுத்தால் கிடைக்கும் புத்தகமாயிற்று. 1964-ல் ‘அருணகிரிநாதர்’ படம் வந்தது. டி.எம். சௌந்தரராஜன் அதில் பாடிய ‘முத்தைத்தரு’ ஒலிபெருக்கி கட்டிய கோயில்களிலெல்லாம் ஒலித்து, அந்தப் பாட்டுக்கு அதுதான் மெட்டு என்றாகிவிட்டது. திருப்புகழின் பழைய பண்களும் மெட்டுகளும் பெரும்பாலும் மறைந்துபோன நிலையில் சினிமா மெட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டதைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. டெல்லியில் ஏ.எஸ். ராகவன் திருப்புகழ்ப் பாடல்களுக்கு ராகமும் தாளமும் வகுத்து, ‘திருப்புகழ் அன்பர்கள்’ என்ற அமைப்பின் மூலம் சம்பளமில்லாமல் கற்றுக்கொடுத்தார். ஒரு தலைமுறைக்கு அந்த வரிசையும் மெட்டுமே ‘சம்பிரதாயம்’.

இப்போதைய அலை யூடியூப் வழியாக வருகிறது. அருணகிரிநாதரின் வேல் வகுப்பில் உள்ள 16 அடிகளை முன்பின்னாக மாற்றி அடுக்கி 64 அடிகளாக்கியதுதான் ‘வேல்மாறல்’. அதைத் தொகுத்தவரும் இதே வள்ளிமலை சுவாமிகள்தான். 48 நாள் படித்தால் நினைத்தது நடக்கும் என்ற பிரசாரத்தோடு சமீப ஆண்டுகளில் அது கைப்பேசிகளில் பரவியிருக்கிறது. சுவாமிகள் பெயரே தெரியாமல் அவர் அடுக்கிய அடிகளை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் இன்று ஏராளம். பரவுதல் என்றால் இதுதான். இதில் பெருமையும் இழப்பும் ஒன்றாகவே வருகின்றன.

பழையவர்களின் குறைக்கு வருவோம். 2013-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு, பீர் ரசிகர்கள் கூடும் இரண்டு இணையதளங்களை (ஆராய்ச்சிக்கு விஷயமா இல்லை!) ஆராய்ந்தது. புதிதாகச் சேர்கிறவர் ஆரம்பத்தில் அங்கே புழங்கும் சொற்களை ஆர்வமாகக் கற்றுக்கொள்கிறார். ஒரு கட்டத்தில் கற்பதை நிறுத்திவிடுகிறார். கூட்டத்தின் பேச்சு அதன்பிறகும் மாறிக்கொண்டே போகிறது. தான் சேர்ந்த காலத்துப் பேச்சே அவருக்குக் கடைசிவரை சரியானதாகப்படுகிறது. ராகவன் மெட்டில் கற்றவருக்கு யூடியூப் மெட்டு உறுத்துவதும், அவருக்கு முன்னால் பாடியவருக்கு ராகவன் மெட்டே புதுசாகப் பட்டிருக்கக்கூடும் என்பதும் இதே கணக்குத்தான்.

புதியவர்களைத் தாங்கிய இணையக் கூட்டங்களும் உண்டு. ரெடிட் தளத்தில் ‘நோஸ்லீப்’ என்றொரு பேய்க்கதைக் குழு இருக்கிறது. எழுதுகிறவர் தனக்கே நடந்ததாக எழுத வேண்டும். படிக்கிறவர் அதை நம்புவதாகவே பேச வேண்டும். 2014-ல் ரெடிட் அதை எல்லாப் புதுப் பயனருக்கும் தானாகக் காட்டத் தொடங்க, கூட்டம் வெள்ளமாக வந்தது. குழு குலையவில்லை. விதி ஒரே வரியில் அடங்கியது. மீறியதை உடனுக்குடன் நீக்க ஆளும் மென்பொருளும் இருந்தது முக்கியக் காரணம் என்று அதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

தமிழ் விக்கிப்பீடியா இதன் மறுபக்கத்தைப் பார்த்தது. 2009 வாக்கில் கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு கூலி மொழிபெயர்ப்பாளர்கள் மூலம் இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் கட்டுரைகளைக் குவித்தது. பெரிய பெரிய கட்டுரைகள்; படித்தால் தமிழ்போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும். தன்னார்வலர்கள் பேச்சுப் பக்கத்தில் கேள்வி கேட்டால் பதில் வருவது அரிது. வந்தவர்களுக்கு அது வேலை. கூட்டத்தில் சேரும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. வங்காள விக்கிப்பீடியா தடுத்து நிறுத்தியது. தமிழர்கள் கூகுளோடு பேசிப் பார்த்து, 2010-ல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அந்த அனுபவத்தை எடுத்து வைத்தார்கள்.

‘நோஸ்லீப்’பின் ஒற்றை வரி விதியைவிடத் திருத்தணியின் விதி சுருக்கமானது: படிக்கு ஒரு பாட்டு. யாரும் விளக்க வேண்டியதில்லை. முதல் படியில் நின்று பார்த்தவருக்கு இரண்டாம் படியில் என்ன செய்வதென்று தெரிந்துவிடும். சந்தம் நாக்கில் புரளாவிட்டால் தட்டைப் பிடிக்கலாம், மஞ்சள் பூசலாம், ‘அரோகரா’ சொல்லலாம். தெலுங்கு மட்டுமே தெரிந்தவருக்கும் அதில் தடையில்லை.

தெலுங்கு இங்கே விருந்தாளி மொழியும் அல்ல. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யும் திருத்தணி கே. விநாயகமும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்தது. இடைப்பட்ட ஆறரை ஆண்டு, சென்னைப் பஜனைக் குழுக்கள் படிபாட வேறு மாநிலத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. எல்லைக்கோடு நகர்ந்த பிறகு நகரி, புத்தூர்க்காரர்களுக்கு இது வேறு மாநிலமானது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் அவர்கள் அதனால் வரவை நிறுத்திவிடவில்லை.

திருவிழா நூறாவது ஆண்டை ஒட்டியிருந்த 2017 டிசம்பரில், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திர அறநிலையத் துறையைச் சேர்ந்த இந்து தர்ம பரிரட்சண அறக்கட்டளை ஒரு சுற்றறிக்கை விட்டது. ஜனவரி 1 நம் புத்தாண்டு அல்ல, நமக்கு யுகாதிதான். அன்றைக்குக் கோயில்களில் சிறப்பு அலங்காரத்துக்குச் செலவு செய்யாதீர்கள் என்பது அதன் சாரம். நள்ளிரவில் நடை திறப்பது ஆகமத்துக்கு ஒத்ததா என்று தமிழ்நாட்டிலும் கேட்கிறவர்கள் உண்டு. ஆங்கிலப் புத்தாண்டுக்கு எதிரான இந்தக் குரலைச் சுவாமிகள் கேட்டிருந்தால் பாதி ஒப்புக்கொண்டிருப்பார். ஆனால் அவர் அந்தத் தேதியைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. அதே நாளில் வேறு வாசலுக்கு வரச் சொன்னார். அந்த டிசம்பர் 31-க்கும் திருத்தணிப் படிகளில் மஞ்சள் பூசினார்கள்.