வேடந்தாங்கல் போகும் பேருந்து கோழியாளத்தில் நிற்குமா?

பறவைக் காலம் தொடங்கியதும் செங்கல்பட்டு மாவட்டப் பள்ளிப் பிள்ளைகள் கட்டுச்சோறும் குறிப்பேடுமாக வேடந்தாங்கலுக்குப் புறப்படுகிறார்கள். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் என்று பெயர்களை எழுதிக்கொள்கிறார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம்; அதனால்தான் ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்தார்கள் என்று ஆசிரியர் சொல்லித் தருகிறார். நல்ல பாடம்.

அந்தத் தண்ணீரை வயலில் சேர்த்தவர் யார்? இந்த வட்டார ஏரிப்பாசன ஊர்களில் மதகைத் திறந்து மூடி, முறை வைத்துக் கடைமடை வரை நீர் பாய்ச்சுபவர் நீர்க்கட்டி. பெரும்பாலும் சேரிக்காரர். ஏரியில் நிற்கும் நீர் எத்தனை நாளுக்கு, எத்தனை வயலுக்கு வரும் என்று கணக்குத் தெரிந்தவர். பிள்ளைகளின் குறிப்பேட்டில் அவருக்கு ஒரு வரி வேண்டாமா?

அதே மதுராந்தகம் வட்டாரத்துக் கோழியாளம் இரட்டைமலை சீனிவாசன் பிறந்த ஊர். இழிவாக வீசப்பட்ட சொல்லையே பெயராக்கி 1893-ல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர். 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்து ஒடுக்கப்பட்டோருக்காக வாதாடியவர். பறவை பார்க்க வந்த பேருந்து அங்கேயும் அரைமணி நேரம் நிற்கலாம்.

ஆசிரியர்களே, இந்த முறை மதகடியில் ஒரு நீர்க்கட்டியைப் பேசவிடுங்கள். மாணவர்களே, கேள்வி கேளுங்கள். தாத்தா செய்தது வெறும் ஊழியமல்ல, நீரறிவு என்பது அவர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியவேண்டும். பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருக்கும் பிள்ளைக்கும் தெரியவேண்டும்.