வணிகர் கவனத்திற்கு: ஆங்கிலக் கடிதத்தில் சின்னச் சொற்கள்

கம்பெனிக் கடிதம், விலைப் பட்டியல், வங்கி நோட்டீஸ் என்று நம் கடைக்கு வருகிற தாள்களில் பல இன்றும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. முன்பு தபாலில் வந்தது, இப்போது செல்போனில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இவற்றில் உள்ள பெரிய சொற்கள் நம் வணிகப் பெருமக்களுக்குப் புதியவை அல்ல. இன்வாய்ஸ், டிஸ்கவுண்ட், கிரெடிட் நோட், டெலிவரி எல்லாம் கடைப் பையனுக்கும் தெரியும். நம்மைக் கவிழ்ப்பவை 'டு', 'பை', 'ஆஃப்', 'பேக்', 'இட்' போன்ற சின்னஞ்சிறு சொற்களே.

தமிழில் இந்த வேலையை வேற்றுமை உருபுகள் செய்கின்றன. கடையோடு 'கு' சேர்ந்தால் கடைக்கு. 'இல்' சேர்ந்தால் கடையில். உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அது தனியே பிரிந்து முன்னால் நிற்கும்: 'டு த ஷாப்', 'இன் த ஷாப்'. இதுவரை பள்ளிக்கூடப் பாடம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், நம்முடைய ஒரே 'கு' ஆங்கிலத்தில் பல வேடம் போடும். சில இடங்களில் காணாமலே போய்விடும். 'அவருக்கு அரிசிக்குப் பணம் கொடுத்துவிட்டேன்' என்பதை 'ஐ பெய்ட் ஹிம் ஃபார் த ரைஸ்' என்று எழுத வேண்டும். அரிசிக்கு 'ஃபார்' வேண்டும். ஆளுக்கு ஒன்றும் வேண்டாம். 'பத்து மூட்டைக்கு ஆர்டர் கொடுத்தோம்' என்று மனதில் நினைத்துக்கொண்டு 'வீ ஆர்டர்ட் ஃபார் டென் பேக்ஸ்' என்று பலர் எழுதுகிறார்கள். அங்கே 'ஃபார்' தேவையே இல்லை. இதனால் நஷ்டம் ஒன்றும் வராது, பார்ப்பவர் புரிந்துகொள்வார்.

நஷ்டம் வருகிற இடம் வேறு. மூட்டைக்கு 30 ரூபாய் தள்ளுபடி தந்துகொண்டிருந்த ஒரு கம்பெனி, இனி அது 'ரிட்யூஸ்ட் பை 10' என்று எழுதினால் 10 ரூபாய் குறைந்து 20 ரூபாய் கிடைக்கும். 'ரிட்யூஸ்ட் டு 10' என்று எழுதினால் இனி கிடைப்பதே 10 ரூபாய்தான். நூறு மூட்டை எடுப்பவருக்கு இந்த இரண்டெழுத்தில் ஆயிரம் ரூபாய் வித்தியாசம். விலை உயர்வுக் கடிதத்திலும் இதே 'பை', 'டு' கணக்குதான். கெடுத் தேதியோடு வரும் 'பை' வேறு வகை: 'பே பை த டென்த்' என்றால் பத்தாம் தேதிக்குள் என்று பொருள்.

அடுத்தது, வினையோடு சின்னச் சொல் சேர்ந்து பொருளையே மாற்றுவது. தமிழில் எழுதி வை, எழுதிக்கொள், எழுதித் தொலை என்கிறோம். வினை ஒன்றுதான், பின்னால் வருவது மாறினால் தொனியே மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'பே' என்ற சொல்லைப் பாருங்கள். 'பே இன்' என்றால் வங்கியில் கட்டுவது. நாம் செலான் என்கிற தாளுக்குப் 'பே-இன் ஸ்லிப்' என்று பெயர் வந்தது அதனால்தான். 'பே பேக்' என்றால் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது. 'பே ஆஃப்' என்றால் கடனைப் பைசா பாக்கியில்லாமல் அடைத்துத் தீர்ப்பது. '20,000 பெய்ட் பேக்' என்று எழுதி வாங்கினால் அவ்வளவு தொகை திரும்பி வந்தது என்று மட்டுமே ஆகும். கணக்குத் தீர்ந்தது என்பதற்கு 'பெய்ட் ஆஃப்' அல்லது 'இன் ஃபுல்' என்ற வார்த்தை தாளில் இருக்க வேண்டும்.

இனி 'இட்' என்ற பிரதிப்பெயர். தமிழில் 'திருப்பி அனுப்பிவிட்டோம்' என்றாலே போதும். எதை என்பது பேச்சிலிருந்து விளங்கும். ஆங்கிலம் அப்படி விடாது. உடைந்த எண்ணெய் டின்னைத் திருப்பி அனுப்பிவிட்டு 'வீ ஹேவ் ரிட்டர்ன்ட்' என்று செய்தி கொடுத்தால், 'நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம்' என்று அர்த்தமாகிவிடும்! ஒரு டின் என்றால் 'ரிட்டர்ன்ட் இட்', பல டின் என்றால் 'ரிட்டர்ன்ட் தெம்' என்று எழுத வேண்டும்.

இந்த 'இட்' உட்காரும் இடத்துக்கும் முறை உண்டு. 'டேக் பேக் த டின்' என்றும் சொல்லலாம், 'டேக் த டின் பேக்' என்றும் சொல்லலாம். 'இட்' வந்தால் நடுவில்தான் உட்காரும்: 'டேக் இட் பேக்'. அதுபோலவே 'பே இட் ஆஃப்'. ஆனால் 'பே ஃபார் இட்', 'ஆஸ்க் ஃபார் இட்', 'லுக் இன்டு இட்' ஆகியவற்றில் 'இட்' கடைசியில்தான் வரும். பேக், ஆஃப், அப், டவுன், அவுட் பெரும்பாலும் முதல் வகை. ஃபார், டு, அட், வித், இன்டு இரண்டாம் வகை. காதுக்கும் வித்தியாசம் தெரியும். 'டேக் இட் பேக்' என்பதில் 'பேக்' அழுத்தமாக ஒலிக்கும்; 'பே ஃபார் இட்' என்பதில் 'ஃபார்' மெலிந்து போகும்.

இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது 'ரைட்' குடும்பம் என்றே சொல்வேன். 'ரைட் இட் டவுன்' என்றால் குறித்துக்கொள் என்பது சாதாரணப் பேச்சு. ஆனால் ஆடிட்டர் 'ரைட் டவுன் த ஸ்டாக்' என்றால் சரக்கின் மதிப்பைக் கணக்கில் குறைத்து எழுது என்று பொருள். வண்டு விழுந்த 8,000 ரூபாய்ப் பருப்பு இனி 3,000 ரூபாய்க்குத்தான் போகும் என்றால் அப்படிச் செய்வார்கள். அறவே போகாது என்றால் 'ரைட் ஆஃப்'.

இந்த 'ரைட் ஆஃப்' வங்கிக் கடனில் வரும்போதுதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பத்திரிகைகளிலும் இதைத் 'தள்ளுபடி' என்று எழுதுவதுண்டு. வங்கி தன் கணக்குப் புத்தகத்தைச் சரிசெய்ய அந்தக் கடனை எடுத்து வைக்கிறது, அவ்வளவே. வாங்கியவரின் பொறுப்பு அப்படியே இருக்கிறது. வங்கி வழக்குப் போட்டும் வசூலிக்கலாம். கடன் உண்மையிலேயே ரத்து என்பதற்கு 'வெய்வ்' என்ற சொல் வேறு இருக்கிறது. கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கடைசியாக, நாமே அச்சடிக்கிற ஒரு வாக்கியம்: 'கூட்ஸ் ஒன்ஸ் சோல்ட் வில் நாட் பி டேக்கன் பேக்'. இந்த 'டேக் பேக்' என்ற சொல்லே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் இருக்கிறது, நமக்கு எதிராக. குறைபாடுள்ள பொருளை, பில்லில் கண்ட காலத்துக்குள்ளோ, காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள்ளோ திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று அச்சட்டம் கூறுகிறது. அடுத்த பில் புத்தகம் அச்சுக்குக் கொடுக்கும்போது அந்த வரியை நீக்கிவிடச் சொல்வது நல்லது.