செவ்வாயில் தொலைந்த கலங்களைத் தேடி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

2003ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்துமஸ் காலை. இங்கிலாந்தில் விஞ்ஞானிகள் சிலர் ஒரு சிறு இசைத் துணுக்கைக் கேட்பதற்காகக் காத்திருந்தனர். ப்ளர் என்ற இசைக் குழுவினர் அமைத்துக் கொடுத்தது அது. பீகிள்-2 என்னும் கலம் செவ்வாய்க் கோளில் இறங்கியதும் அதனைத் தன் அழைப்பொலியாக அனுப்ப வேண்டும். அது வரவில்லை. ஜோட்ரெல் பாங்க் வானொலித் தொலைநோக்கி செவி சாய்த்தது. செவ்வாயைச் சுற்றிக்கொண்டிருந்த மார்ஸ் ஒடிசி கலமும் மேலிருந்து கேட்டது. பதில் இல்லை. 2004 பிப்ரவரியில் பீகிள் தொலைந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

பீகிள் என்பது டார்வின் உலகைச் சுற்றி வந்த கப்பலின் பெயர். செவ்வாயில் உயிரின் சுவடு உண்டா என்று ஆராய வந்த கலத்துக்குப் பொருத்தமான பெயர்தான். திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் காலின் பில்லிஞ்சர் இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர். கலத்தின் எடை சுமார் 33 கிலோ. ஒரு சிமெண்டு மூட்டையை விடக் குறைவு. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் அதனைச் சுமந்து சென்று, டிசம்பர் 19ஆம் நாள் விடுவித்தது. பழைய காலத்துச் சட்டைப்பைக் கடிகாரம் போன்ற வடிவம். மணிக்கு 20,000 கி.மீ. அளவிலான வேகத்தில் செவ்வாயின் மெல்லிய காற்றுக்குள் புகுந்து, பாராசூட்டால் வேகம் தணிந்து, காற்றுப் பைகளின் மேல் விழுந்து துள்ளி நின்ற பின், மூடி திறந்து, நான்கு சூரிய மின் தகடுகள் பூவிதழ் போல் ஒவ்வொன்றாக விரிய வேண்டும். ஆன்டெனா அத்தகடுகளுக்கு அடியில் இருந்தது. எல்லாம் விரிந்தால்தான் அது வெளியே தெரியும், பேச முடியும்.

எடையும் பணமும் குறைவு. ஆகவே இறங்கும்போது எந்தச் செய்தியும் அனுப்பாத வகையிலேயே கலம் அமைக்கப்பட்டிருந்தது. இதுதான் பின்னர் பெரும் குறையாகப் பேசப்பட்டது. காற்றில் எரிந்ததா? பாராசூட் விரியவில்லையா? காற்றுப் பை கிழிந்ததா? எது நேர்ந்திருந்தாலும் பூமிக்குத் தெரிவது ஒன்றுதான், மௌனம்.

முதற் பருவத்தில் கணிதத் தாளில் தவறியவன் நான். மதிப்பெண் பட்டியலில் எண்ணும் 'தோல்வி' என்ற சொல்லும் மட்டுமே இருந்தன. எந்தக் கணக்கில், எந்தப் படியில் தவறினேன் என்பது இல்லை. கையெழுத்துப் போட மட்டும் கற்ற என் தந்தையார் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கேப்பா தப்பா போச்சு?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பீகிள் பற்றிப் படித்தபோது அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. அடுத்த கலத்தைக் கட்டுகிறவருக்கும் வேண்டியது அதே விடைதான். அதற்கு ஒரே வழி, கலத்தைக் கண்ணால் பார்ப்பது.

பார்ப்பது எளிதன்று, நண்பர்களே. நிழற்படம் என்பது பிக்சல் எனப்படும் சிறு கட்டங்களால் ஆனது. அப்போது செவ்வாயைச் சுற்றிய மார்ஸ் குளோபல் சர்வேயர் கலத்தின் காமிராவில் ஒரு கட்டம் வழக்கமாக ஒன்றரை மீட்டர் தரையைக் குறிக்கும். முழுதும் விரிந்தாலும் பீகிளின் அகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஆகவே முழுக் கலமும் ஒரு புள்ளி, மிஞ்சினால் இரண்டு. அதே அளவுப் பாறைகளும் ஒரு புள்ளிதான். இறங்கக்கூடிய இடமோ ஐசிடிஸ் சமவெளியில் நூறு கி.மீ.க்கும் மேல் நீளமான ஒரு நீள்வட்டம்.

இந்த நிலையில் மனம் காண விரும்புவதைக் கண் கண்டுவிடும். 2005 டிசம்பரில் பில்லிஞ்சரே, அந்தப் படங்களில் ஒரு சிறு பள்ளத்துக்குள் தம் கலம் கிடப்பதாக அறிவித்தார். 2006இல் மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டர் செவ்வாயை அடைந்தது. அதிலுள்ள ஹைரைஸ் காமிரா சுமார் 300 கி.மீ. உயரத்திலிருந்து ஒரு கட்டத்துக்கு 30 செ.மீ., அதாவது ஓர் அடிக்கோல் நீளம் என்ற அளவில் படமெடுக்க வல்லது. 2007இல் அது அந்தப் பள்ளத்தைப் படம்பிடித்தது. பள்ளம் வெறுமையாக இருந்தது. பெரிய விஞ்ஞானிக்கே இப்படி நேர்ந்தது என்று எண்ணும்போது எனக்கு அவர்மீது மதிப்புக் குறையவில்லை. ஆண்டுக்கணக்கில் தேடுகிறவனுக்கு வெண்புள்ளி எல்லாம் கலமாகத்தான் தெரியும்.

புதிய காமிராவிலும் வேலை சிறிதன்று. கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு சதுர கி.மீ. நிலத்துக்கு ஒரு கோடியே 11 லட்சம் கட்டங்கள். அதில் கலம் குறுக்காக ஆறேழு கட்டம். இப்படங்களைப் பொறுமையாகத் துழாவி, ஐயத்துக்குரிய புள்ளிகளைக் கண்டவர் மைக்கேல் குரூன் என்பவர். முன்பு மார்ஸ் எக்ஸ்பிரஸ் இயக்கக் குழுவில் இருந்தவர். பாறையா, கலமா என்று பிரித்தறிவது எப்படி? ஒரே இடத்தை வெவ்வேறு நாட்களில், வெயில் வெவ்வேறு கோணத்தில் விழும்போது படமெடுக்க வேண்டும். பாறையின் வெளிச்சம் பெரிதும் மாறாது. வழவழப்பான தகடோ கண்ணாடி போல் ஒரு படத்தில் பளிச்சிடும், மறு படத்தில் மங்கும். பளிச்சிடும் இடமும் சற்று நகரும். ஆடியில் எதிரொளிப்பு விதியை நாம் ஆய்வுக்கூடத்தில் குண்டூசி வைத்துச் சரிபார்த்தோமே, அதே விதி. மேலும், தனிப் பொருளாக இல்லாமல் அருகிலேயே பாராசூட்டும் பின்மூடியும் கிடக்க வேண்டும். எல்லாம் பொருந்தின. 2015 ஜனவரி 16ஆம் நாள் செய்தி வெளியாயிற்று: பீகிள், குறித்த இடத்தின் மையத்திலிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவில் தரையில் அமர்ந்திருக்கிறது.

எரியவில்லை, மோதிச் சிதறவில்லை. பாராசூட் விரிந்தது, பைகள் காத்தன, மூடி திறந்தது, தகடுகளும் விரியத் தொடங்கின. கடைசித் தகடு விரியாமல் ஆன்டெனாவை மறைத்துவிட்டது போலும் என்றார்கள். 2016இல் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் கலத்தின் உருவத்தைக் கணிப்பொறியில் அமைத்து, ஒவ்வொரு படத்துக்கும் உரிய வெயிற் கோணத்தில் அது எப்படி ஒளிரும் என்று ஒப்பிட்டனர். குறைந்தது மூன்று தகடுகள், ஒருவேளை நான்குமே விரிந்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. பதினோர் ஆண்டுகள் தோல்வி எனப்பட்டது ஏறத்தாழ எல்லாப் படிகளையும் சரியாகச் செய்திருந்தது. இதைக் கேட்கப் பில்லிஞ்சர் இல்லை. அவர் 2014 மே 7ஆம் நாள் காலமாகிவிட்டார்.

சோவியத் நாட்டின் மார்ஸ்-3 கலத்தின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். 1971 டிசம்பர் 2ஆம் நாள் தரையிறங்கிச் சில விநாடிகளே பேசி நின்றுவிட்டது. ஹைரைஸ் 2007இல் எடுத்த ஒரு படத்தில், 180 கோடி கட்டங்களுக்கிடையே, அதன் பாராசூட் போன்ற வெண்புள்ளியையும் பிற பகுதிகளையும் 2012 இறுதியில் கண்டவர்கள் விண்வெளி ஆர்வலர்களான ரஷ்யர்கள். அவர்களைத் திரட்டியவர் விட்டாலி எகோரோவ். படங்கள் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்பட்டிருந்ததால் இது நடந்தது. ஆயினும் நிறுவப்பட்டதாகச் சொல்லாமல், மிகவும் பொருந்துகிறது என்றே விஞ்ஞானிகள் சொன்னார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

கோள் அன்று, நிலவுதான். ஆயினும் நம்மவர் செய்தது என்பதால் இதையும் சொல்ல வேண்டும். 2019 செப்டம்பரில் நிலவில் மோதிய விக்ரம் கலத்தின் சிதறலை, நாசா வெளியிட்ட பழைய, புதிய படங்களை ஒப்பிட்டு முதலில் சுட்டியவர் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். முன் படத்தில் இல்லாத ஒரேயொரு ஒளிப்புள்ளிதான் அவருக்குக் கிடைத்த துப்பு. நாசா அதனை ஆராய்ந்து டிசம்பரில் உறுதி செய்தது.

1999 டிசம்பர் 3ஆம் நாள் தென்துருவத்தருகே தொலைந்த மார்ஸ் போலார் லேண்டர் மட்டும் இன்னும் அகப்படவில்லை. 2005இல் கண்டதாகச் சொல்லப்பட்டது. தெளிவான படம் வந்ததும் அதுவும் பொய்த்தது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அங்கே கரியமில வாயு உறைபனியாகப் படிந்து தரையை மூடுகிறது.

சென்ற மாதம் நம் கல்லூரிக் கணிப்பொறி அறையில் ஹைரைஸ் படம் ஒன்றை இறக்கி, அதன் ஒரு மூலையை மட்டும் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் மூன்று வெண்புள்ளிகளைக் குறித்துக்கொண்டேன். வேறு நாளில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டபோது மூன்றும் பாறைகள்.