கம்பி கட்டிய பற்களும் கியா பார்ம் சந்தையும்

உங்களுக்குத் தெரியுமா?

● கேமரன் மலையின் கியா பார்ம் சந்தைக்கு வருவோர் ஆவி பறக்கும் சோளக்கதிரை வாங்கி, குளிருக்கு இதமாக நின்றவாறே கடித்துண்பது வழக்கமாயினும், பற்களைச் சீராக்கக் கம்பி கட்டியிருப்போர் அவ்வண்ணம் கடிப்பராயின், பல்லின்மீது ஒட்டப்பட்ட பிராக்கெட் பெயர்ந்துவிடக்கூடும். சோள முத்துகளைக் கத்தியால் சீவியெடுத்துக் கடைவாயில் மென்று புசிப்பதில் யாதொரு தோஷமுமில்லை.

● தேயிலைச் செடி மண்ணிலுள்ள ஃபுளோரைடை உறிஞ்சி இலைகளிலே சேமித்து வைக்கும் சுபாவமுடையது. முற்றிய இலையில் அது அதிகம். பல்லின் மேற்பூச்சான எனாமலை உறுதிப்படுத்தும் அப்பொருள் தேநீரில் இயல்பாகவே இருந்தபோதிலும், கெட்டிப்பால் கலந்த தே தாரிக்கைப் பொழுதெல்லாம் உறிஞ்சுவோருக்கு, அதிலுள்ள சர்க்கரையைக் கொண்டு கிருமிகள் உண்டாக்கும் அமிலமானது அந்த நன்மையை விஞ்சிவிடும்.

● பிராக்கெட்டைச் சுற்றிப் படியும் அழுக்கை அகற்றாவிடில், சுமார் 4 வாரங்களிலேயே எனாமலில் வெண்புள்ளிகள் தோன்றக்கூடும். கம்பியைக் கழற்றிய பின்னரும் அவை முற்றிலும் மறைவது அரிது. ஆதலால், ஃபுளோரைடு கலந்த பற்பசையால் காலையும் இரவும், பிராக்கெட்டின் மேலும் கீழும் பிரஷ்ஷைச் சாய்த்துத் துலக்கி, கம்பிக்கு அடியில் பல்லிடைத் தூரிகையை நுழைத்துச் சுத்தம் செய்தல் அவசியம்.

● தோட்டத்து ஸ்ட்ராபெரி மிருதுவானதாகையால் கம்பிக்கு ஊறு செய்யாது. எனினும் அதில் இயற்கையான அமிலம் உண்டாதலின், தின்றவுடன் பல் துலக்காமல், முதலில் தண்ணீரால் வாயை நன்றாகக் கொப்பளித்து, அரைமணி நேரம் சென்றபின் துலக்குவதே உத்தமம்.