பழுதுக்கும் நாமா விலை கொடுப்பது?

தறியில் ஒரு முழம் குறைந்தால் நெசவாளியின் கூலியில் பிடிக்கிறார்கள். சுவரில் தொங்கும் மின்சார மீட்டர் தாறுமாறாக ஓடினால் யாரிடம் பிடிப்பது? அதையும் நெசவாளியிடமேதான்! சுந்தரபாண்டியம் போன்ற நெசவாளர் ஊர்களில் வாடகைக்குக் குடியிருப்போர் படும் பாடு இது.

சட்டம் என்ன சொல்கிறது? சரியான மீட்டர் வழியாகவே மின்சாரம் வழங்கவேண்டும் என்கிறது, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. அளவுகோலைச் சரியாக வைப்பது விற்பவர் கடமை. அதை வாங்குபவர் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்? வாடகைக்கு இருப்பவரின் மின்சாரத்தை வீட்டுக்காரர் துண்டிக்கக் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம்.

இப்போது முன்பணம் கட்டும் மீட்டர் பற்றிய பேச்சு நடக்கிறது. அதை ஏற்போரிடம் காப்புத்தொகை கேட்கலாகாது என்கிறது 47ஆம் பிரிவு. நல்லது, வரவேற்போம். ஆனால் அந்த மீட்டரே பழுதானால்? பழைய மீட்டரில், பில் வந்தபின் வாதாடலாம். இதிலோ, பணம் கரைந்ததும் இருட்டு. இருட்டில் நின்றுகொண்டுதான் வழக்குப் பேசவேண்டும்!

ஆகவே தோழர்களே! மீட்டர் காட்டும் எண்ணை வாரந்தோறும் குறித்து வையுங்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். எழுதத் தெரியாதவர் வீட்டுக்குக் கிளைச் செயலாளர் போகட்டும்.

எரிந்த விளக்குக்கு விலை கொடுப்போம். எரியாத விளக்குக்குக் கொடுக்கமாட்டோம்!