ஆமா போட ஆள் வேணும்!

உங்கள் ஆபீஸிலும் இந்நேரம் இது வந்திருக்கும். ஒரு சுபயோக சுபதினத்தில் மேனேஜர் கூப்பிடுவார். "இந்த வேலையில உங்களை மாதிரி விவரம் தெரிஞ்சவங்க யாரு சார் இருக்கா?" என்று ஐஸ் வைப்பார். வைத்த கையோடு, "புதுசா சேர்ற பசங்களுக்கு ஒரு ட்ரெய்னிங் வீடியோ... பத்தே நிமிஷம்... நீங்கதான் பேசறீங்க!" என்று குண்டையும் போடுவார்.

பத்து வருஷமாக கவுன்ட்டரில் எத்தனையோ அடாவடி கஸ்டமர்களைச் சமாளித்த ஆசாமி, ஒரு செல்போனுக்கு முன்னால் நின்றதும் வியர்த்துப் போவார். "வணக்கம்... இன்று... நாம்... காணவிருப்பது..."

காணவிருப்பது! வீட்டில், கடையில், பஸ்ஸில், எங்காவது இந்த வார்த்தையை உபயோகித்திருப்பாரா மனுஷர்?

ஆபீஸ்காரருக்கே இந்தக் கதி என்றால் வாத்தியார்கள் பாட்டைக் கேட்பானேன்! 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளி, கல்லூரிகளை மூடியதும் அத்தனை பேரும் திடுதிப்பென்று நடிகர்கள் ஆனார்கள். ஸ்டாண்ட் கிடையாது, அரிசி டப்பா மேல் செல்போன். பின்னணி இசை, பக்கத்து வீட்டு மிக்ஸி. அரசாங்கத்துக்கு அப்போது கை கொடுத்தது 2019 ஆகஸ்ட் 26-ல் ஆரம்பித்திருந்த கல்வித் தொலைக்காட்சி. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் ஸ்டூடியோ. 2020 ஜூலையில் வகுப்புவாரியாகப் பாடங்கள் ஓட ஆரம்பித்தன. நடத்தியவர்கள் அரசுப் பள்ளி ஆசிரியர்கள்தான். சிலர் பிரமாதம். சிலரைப் பார்த்தபோது, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கப்பா என்று சொல்லத் தோன்றியது.

எங்கள் குமரி மாவட்டத்தில் வாத்தியார் இல்லாத தெருவே கிடையாது. 2011 சென்சஸ்படி எழுத்தறிவு 91.75 சதவிகிதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். வீட்டுக்கு ஒரு டீச்சர், திண்ணைக்கு இரண்டு ரிடையர்டு ஹெட்மாஸ்டர். இப்பேர்ப்பட்ட ஊரில், நாகர்கோவில் பக்கம் ஒரு காலேஜில் (பேர் வேண்டாம், எதற்கு வம்பு?) ஆன்லைன் கோர்ஸுக்கு வீடியோ எடுப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. "நீ பி.காம்., பத்திரிகையிலயும் எழுதுற. எங்க போரடிக்குதுன்னு மட்டும் சொல்லு, போதும்" என்று நண்பர் ஒருவர் என்னைக் கொண்டுபோய்க் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். எனக்குப் பழகிய இடம்தான்.

முதலில் மாட்டியவர் ஒரு காமர்ஸ் சார். ஐம்பதைத் தாண்டியவர். கேன்டீனில் அவர் பேச ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் டீ ஆறிப் போகும், அப்படியொரு வாக்கு. கேமரா முன்னால் நின்றதும் மனுஷர் போர்டு மாதிரி ஆகிவிட்டார். "இறுதிச் சரக்கிருப்பானது, அடக்கவிலை அல்லது சந்தை விலை, இவற்றுள் எது குறைவோ அதன்படி மதிப்பிடப்பட வேண்டும்..." அவ்வளவுதான். அப்படியே நின்றுவிட்டார்.

"என்னால ஆவாது பாத்துக்கிடுங்க. எதுத்தாப்புல பிள்ளேளு மொகம் இருந்தாத்தான் எனக்கு வாயே வரும். இந்தச் சவம் முழிச்சு முழிச்சுல்லா பாக்குது!"

பயிற்சியாளர் சென்னையிலிருந்து வந்திருந்த இளைஞர். சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை கேமராவுக்குப் பின்னால் இழுத்துப் போட்டார். டீ கொண்டு வந்த அட்டெண்டர் அண்ணாச்சியை அதில் உட்கார வைத்தார். "இவருக்குச் சொல்லுங்க சார்."

"அண்ணாச்சிக்கா? அவருக்கு அக்கவுண்ட்ஸ் தெரியாதே!"

"அதனாலதான் சார்."

சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, தோவாளையில காலம்பற பிச்சிப்பூ கிலோ ஆயிரம் ரூவான்னு பத்து கிலோ எடுக்கீரு."

"ஆமா."

"உச்சைக்குள்ள எட்டு கிலோ போயிட்டு. ரெண்டு கிலோ கெடக்கு."

"ஆமா... வாடிருமே!"

"வாடும்லா? இனி கிலோ முந்நூறு ரூவாய்க்குத்தான் கேப்பான். இப்ப உம்ம கையில எத்தன ரூவாய்க்குச் சரக்கு இருக்கு?"

"ரெண்டாயிரத்துக்கு எடுத்தது..."

"எடுத்தது ரெண்டாயிரம். வித்தா?"

"அறுநூறு."

"கணக்குல எத எழுதுவீரு?"

அண்ணாச்சி யோசித்தார். ஹாலே யோசித்தது. "அறுநூறுதான். ரெண்டாயிரம்னு எழுதினா என்னைய நானேல்லா ஏமாத்துதேன்!"

க்ளோசிங் ஸ்டாக் மதிப்பீடு முழுசும் அவ்வளவுதான் சார்! நான் படித்தபோது இதை ஒரு பக்கத்துக்கு டிக்டேஷன் கொடுத்தார்கள்.

ஒரே சிக்கல், அண்ணாச்சியின் 'ஆமா' அத்தனையும் மைக்கில் ஏறிவிட்டது. அடுத்த டேக்கில் தலையை மட்டும் ஆட்டச் சொன்னார்கள். அவர் 'ஆமா' சொன்ன இடங்களிலெல்லாம் சார் இரண்டு விநாடி நிறுத்தினார். வீடியோவைப் போட்டுப் பார்த்தபோது அந்த இடங்களில் நான் தலையாட்டிக் கொண்டிருந்தேன்.

கொடைக்குப் போய் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இந்த சூட்சுமம் தெரியும். புலவர் கதை சொல்வார். பக்கத்தில் ஒருவர் 'ஆமா' போடுவார். சும்மா போடுவதில்லை. நமக்கு எங்கே சந்தேகம் வருமோ அங்கே நமக்காகக் கேட்பார். எங்கே சிரிக்க வேண்டுமோ அங்கே முதலில் சிரிப்பார். அவர் இருக்கிற தைரியத்தில்தான் விடிய விடிய சுடலைமாடன் கதை ஓடுகிறது. ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்தில் 'கிந்தனார்' காலட்சேபம் செய்தாரே, விஷயம் என்ன? படிப்பின் அருமைதான். தியேட்டரில் யாராவது 'ஐயோ பாடம்' என்று எழுந்து போயிருப்பார்களா?

இதையே அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வைத்துக் கணக்கெடுத்தார்கள். 2014-ல் ஃபிலிப் குவோ என்பவரும் இரண்டு கூட்டாளிகளும், எட்எக்ஸ் நிறுவனத்தின் 4 கோர்ஸ்களில் 862 வீடியோக்களை ஜனங்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று அலசினார்கள். மொத்தம் 69 லட்சம் தடவை பார்க்கப்பட்டவை. வீடியோ எத்தனை நீளமானாலும் சரி, பாதிப் பேர் 6 நிமிஷத்தைத் தாண்டவில்லை. நம்மூர் ஐ.ஐ.டி.க்கள் 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் ஒரு மணி நேர லெக்சர்களைப் பார்த்து எழுந்த எஞ்சினீயர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. இன்னொரு முடிவுதான் எனக்கு ருசித்தது. லட்சக்கணக்கில் செலவழித்த ஸ்டூடியோ வீடியோவைவிட, வாத்தியார் தன் மேஜையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசியது அதிக நேரம் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்லைடு ஓட்டுவதைவிடக் கையால் எழுதிக்காட்டுவது மேல். வகுப்பில் எடுத்த லெக்சரை அப்படியே துண்டு போட்டால் எடுபடவில்லை.

சல்மான் கானை (நடிகர் இல்லை, கான் அகாடமி வாத்தியார்) எடுத்துக்கொள்ளுங்கள். 2004-ல் தூரத்து ஊரில் இருந்த நாடியா என்ற உறவுக்காரப் பெண்ணுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கப் போய்த்தான் எல்லாம் ஆரம்பம். பிறகு யூட்யூபில் போட்டபோது, நேரில் உங்களைப் பார்ப்பதைவிட இதுதான் தேவலை என்று அந்தப் பிள்ளைகளே சொன்னார்களாம்! காரணம் இருக்கிறது. 'புரியலை, மறுபடி சொல்லுங்க' என்று கேட்க வெட்கப்படுகிற பையனுக்கு ரீவைண்ட் பட்டன் முகம் சுளிக்காது.

மற்ற சமாச்சாரங்கள் சின்னச் சின்னவை. போன் கண் மட்டத்தில் இருக்கட்டும். படம் கொஞ்சம் மங்கினாலும் பொறுப்பார்கள், குரல் எதிரொலித்தால் ஓடிவிடுவார்கள், ஆகவே அறையில் நாலு பெட்ஷீட்டைத் தொங்கவிடு. கேள்வி கேட்டால் மனசுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுப் பதில் சொல். ஸ்லைடில் எழுதியிருப்பதையே வாசிக்காதே. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று சொல்லாதே, பார்க்கிறவனுக்கு எது நாளை?

ஒரு இளம் விரிவுரையாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பேசும்போது நம்ம ஊர் பாஷை வந்துட்டுன்னா மெட்ராஸ்காரங்க சிரிக்க மாட்டாங்களா சார்?" பயிற்சியாளர் 'பொதுத் தமிழ் பெட்டர்' என்றார். எனக்கு உடன்பாடில்லை. ஏட்டு நடையைவிட எதிரில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரிச் சொன்னால் பாடம் நன்றாக ஏறுகிறது என்று ரிச்சர்ட் மேயர் என்கிற அமெரிக்க உளவியல் பேராசிரியர் பல பரிசோதனைகள் செய்து சொல்லியிருக்கிறார். கோயமுத்தூர்ப் பையனுக்கு 'உச்சை' புரியாதா? கூடவே 'மத்தியானம்' என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டால் போயிற்று. பூவை வாட விடலாம், பேச்சை வாட விடக் கூடாது.

எனக்கு வயிற்றெரிச்சல் வேறு விஷயத்தில். அந்தப் பூக்கணக்கு ஓடுவது ஐந்தே முக்கால் நிமிஷம். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து முடிக்கும்போது மணி மூன்று. கேமரா வாங்கிவிட்டார்கள், லைட் வாங்கிவிட்டார்கள், வாத்தியாருக்கு நேரத்தை மட்டும் வாங்கித் தரவில்லை. டைம்டேபிள் அதேதான், வீடியோ அதற்கு மேல் இலவச இணைப்பு.

காமர்ஸ் சார் எழுந்தார். "சார், எல்லாப் பாடத்தையும் இப்பிடி எடுத்துத் தந்துட்டோம்னா, அடுத்த வருஷம் நாங்க எதுக்கு?"

நிர்வாகத் தரப்பில் உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். பயிற்சியாளர், "அது என் சப்ஜெக்ட் இல்ல சார்" என்றார். அந்தக் கேள்விக்கு இரண்டு நாளும் பதில் வரவில்லை. மேனேஜர் உங்களைக் கூப்பிட்டால், இந்த வீடியோ யாருக்குச் சொந்தம், எத்தனை வருஷம் ஓட்டுவீர்கள், எடுக்கிற நேரம் டியூட்டியில் சேருமா என்ற மூன்றையும் முதலில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சட்டைக்கு இஸ்திரி போடுவதெல்லாம் அப்புறம்.

டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த அண்ணாச்சி திடீரென்று நிமிர்ந்தார். "சார்வாள், பூ வாடும், சரி. நகக்கடக்காரன் வச்சிருக்க தங்கம் வெல ஏறிட்டுன்னா எத எழுதுவான்?"

"ஏறினாலும் வாங்கின வெலதான் அண்ணாச்சி. ஏன்னு கேளும்..." என்று சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேமராவை அதற்குள் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.